எர்ரர் வந்தா சொல்லு

“புள்ளி. அடுத்தது சாஞ்ச கோடு. அதில்லப்பா, வலது பக்கம் சாஞ்சது.”

நல்லுசாமி கீபோர்டின் மேல் குனிந்து தேடினார். வெண்டைக்காய் பறித்துப் பறித்துச் சொரசொரத்துப்போன ஆள்காட்டி விரல் ஒவ்வொரு கட்டையின் மேலும் தயங்கி, பிறகு அழுத்தியது.

“வந்துருச்சு. அடுத்து?”

“சி. ஓ. என்.”

கட்டிலில் சாய்ந்திருந்த முகேஷ்குமார், மூக்கை மூடிய மாஸ்க்குக்குள்ளிருந்து எழுத்து எழுத்தாகச் சொன்னான். பக்கத்து ஸ்டூலில் இருந்த மெஷின் காற்றை உள்ளே தள்ளும்போது அவனால் பேச முடியாது. அது வெளியே விடும் இடைவெளியில்தான் பேச்சு. அந்த இடைவெளி இந்த வாரம் இன்னும் குறுகியிருந்தது.

தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். பள்ளிக்கூட வயதிலேயே நடை நின்றது. அவனைப் படிக்க வைக்கத்தான் ஆத்தூர்த் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாகல் நகருக்குக் குடிவந்தார்கள். போன பொங்கலோடு விரல்களும் நின்றன. அன்றிலிருந்து அப்பாவின் விரல்தான் அவனுக்கு விரல்.

அவன் வேலை பார்த்தது பக்கம் அமைக்கும் ஒரு மென்பொருளில். எழுதியதைக் கொடுத்தால் வரி, பத்தி, ஓரம் எல்லாவற்றையும் அதுவே ஒழுங்கு செய்து புத்தகப் பக்கமாக்கித் தரும். உள்ளே இருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். திருத்திய பிறகு முழுவதையும் முதலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும். குறுகலான பத்தியில் தமிழைப் போட்டால், வரி முடிகிற இடத்தில் அது எழுத்தையே வெட்டியது. ‘கொ’வின் காலைப் பிய்த்து அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக நிறுத்தியது. எந்தெந்த ஊரிலோ இருந்த நண்பர்கள் பலர் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். முகேஷ் விடவில்லை.

திரையில் வரிகள் ஓடின. இந்த மிஷினில் இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று அது தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போவதாக மகன் சொல்லியிருந்தான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘எஸ்’ என்று வர வர நல்லுசாமிக்குத் தெம்பாக இருந்தது. ஓரிடத்தில் நின்றுவிட்டது.

“நோன்னு போட்டு நின்னுருச்சு அப்பு.”

முகேஷ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “அது இல்லாமயே கட்டலாம். முன்னாடியே சொல்லிரணும், அம்புட்டுத்தான்.”

மறுபடி எழுத்து எழுத்தாக நடந்தது. இந்த முறை நிற்கவில்லை. கடைசியாக, கட்டத் தொடங்கச் சொல்லும் ‘மேக்’ என்ற சொல்லை அடிக்கச் சொன்னான். திரை தளதளவென்று பொங்கியது.

“பழைய மிஷினு, நேரமாகும். எர்ரர்னு வந்தா மட்டும் சொல்லு. முடிஞ்சதும் மேக் செக்குனு அடி. ஒரு பக்கம் வரும். வரியோட கடைசிய மட்டும் பாரு.”

“நீயே பாக்கலாம்ல.”

“செத்த நேரம் கண்ண மூடிக்கிறேம்ப்பா.”

அடுப்படியில் பாத்திரம் ஓங்கி வைக்கப்படும் சத்தம் கேட்டது. ராமுத்தாய் ஒரு வாரமாகக் கணவனோடு பேசவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். “போட்டா பேச முடியுமா சார்?” என்று முகேஷ் கேட்டான். கஷ்டம் என்றார். “அப்ப வேண்டாம்” என்றான். எல்லாரும் நல்லுசாமியைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். மகன் சொன்னதற்கு ஆட்டினாரா, டாக்டர் சொன்னதற்கு ஆட்டினாரா என்று அவருக்கே அப்போது தெரியாது. ஆட்டோவில் திரும்பும்போது ராமுத்தாய், “நீங்க ஒரு தகப்பனா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இ, ஆர், ஆர். இமைக்கிற நேரத்தில் அந்த எழுத்து ஓடிவிடுமோ என்று பயந்தார். புரியாத சொற்கள் கீழிருந்து மேலே ஏறி மறைந்துகொண்டே இருந்தன. மெஷின் சீராக மூச்சு விட்டது.

“ஒண்ணும் வரலப்பு. நல்லாத்தான் போகுது.”

அசந்துவிட்டான் போல. தூங்கட்டும் என்று நினைத்தார்.

கஞ்சியோடு வந்த ராமுத்தாய் வழக்கம்போல் மகனின் பாதத்தைத் தொட்டு எழுப்பினாள். தொட்ட கையை எடுக்கவில்லை. மெஷின் தள்ளிய காற்றில் அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் மாஸ்க்கின் வாரை மெல்லக் கழற்றினாள். நெஞ்சு நின்றது. காற்று வெறுமனே தலையணையில் சீறியது.

நல்லுசாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

பொழுது சாய்வதற்குள் வீடு நிறைந்துவிட்டது. ராமுத்தாயின் தம்பி ஈஸ்வரன் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தான். பந்தலுக்குச் சொன்னான், ஐஸ் பெட்டிக்குச் சொன்னான். பெட்டியைக் கொண்டுவந்த ஆள் சுவரெல்லாம் பார்த்துவிட்டுக் கணினி மேசைக்குக் கீழே குனிந்தார்.

“பெட்டிய இழுக்குற பிளக்கு இந்த வீட்டுல இது ஒண்ணுதான். வயரிங் பழசு. கம்ப்யூட்டரக் கழட்டிருவோம்.”

“அதக் கழட்டாதீங்க” என்றார் நல்லுசாமி.

மத்தியானத்திலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். துண்டுக்கு அடியில் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

“மச்சான், நாளைக்குக் காலையிலதான் எடுக்கப் போறோம். வெயில் வேற இப்பிடி அடிக்குது. பெட்டி வேணும்ல?”

“வேணாங்கல மாப்ள. அது முடியட்டும்.”

“என்ன முடியணும்? எல்லாம் மறுபடி போட்டுக்கலாம் மச்சான். நானும் ஆபீசுல கம்ப்யூட்டர் பாக்குறவன்தான். நிறுத்திட்டுத் திரும்பப் போட்டா விட்ட இடத்துலருந்து ஓடும்.”

“யாரு போடுறது?”

கூடத்தில் ஒரு கிழவர், “பெத்த பிள்ள கெடக்குது, இவன் மிஷினக் கட்டிக்கிட்டு அழுகுறான்” என்று முணுமுணுத்தார். பெட்டிக்காரர் பிளக்கில் கைவைத்தபடி ஈஸ்வரனைப் பார்த்தார். ஈஸ்வரன் தலையசைத்தான்.

“எடுக்காதீங்கண்ணே.”

ராமுத்தாய் சொன்னாள். மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. குரல் கம்மிப்போயிருந்தது.

“எதுத்தாப்புல பட்டறையில கேளுங்க. அங்க பெரிய பிளக்கு இருக்கும்.”

எதிரே வெல்டிங் பட்டறை வைத்திருந்த தப்ரேஸ் அப்போதுதான் கடையைச் சாத்திவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். யாரும் கேட்பதற்குள் திரும்பி நடந்து ஷட்டரைத் தூக்கினார். கனத்த வயர் ஒன்று தெருவைக் கடந்து, பந்தல் கம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்குள் வந்தது. பெட்டி உறுமத் தொடங்கியது. மகனைத் தூக்கி உள்ளே வைக்கும்போது நல்லுசாமி கால்பக்கம் பிடித்தார். அவ்வளவு கனமே இல்லை.

விளக்கேற்றும் நேரத்தில் துண்டுக்கு அடியில் ஓட்டம் நின்றிருந்தது. அவர் துண்டை எடுத்தார். கடைசி வரி வரைக்கும் மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். இ, ஆர், ஆர் எங்கும் இல்லை. நாற்காலி கூட்டத்துக்குப் போயிருந்ததால் நின்றபடியே எம் என்ற கட்டையைத் தேடினார். தேடித் தேடி இரண்டு சொல்லையும் அடித்து முடித்தார். பின்னால் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

பக்கம் திறந்தது. கைக்குட்டை அகலத்துக்கு ஒரு பத்தி. அவர் விரலை முதல் வரியின் ஓரத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். எல்லா வரியும் முழு எழுத்தில் முடிந்து, முழு எழுத்தில் தொடங்கியது.

ராமுத்தாய் வந்து பக்கத்தில் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

“வந்துருக்கா?”

“வந்துருக்கு.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் படித்தாள். கொத்தவரங்காயை நார் உரித்துப் பொடிசாக நறுக்குவது. மொச்சையைத் தனியாகக் கொதிக்கவிட்டுத் தொலி பிரியும் முன் இறக்குவது. தேங்காயைப் பொன்னிறமாக வறுப்பது.

“இது நான் சொன்னதுல்ல?” என்றாள். “காய் நறுக்கயில கேட்டுக்கிட்டே இருந்தான். எதுக்குடான்னேன். இதுலதான்மா கொவும் பொவும் நெறையா வருதுன்னான்.”

மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்த முறை உதடுகள் அசைந்தன. கடைசி வரியில் நின்றாள். உப்பு எங்கும் இல்லை.

“உப்பு எப்பப் போடணும்னு நான் அவங்கிட்டச் சொல்லவே இல்லியே.”

அவள் அவருடைய முழங்கையை ஒரு கணம் பிடித்திருந்துவிட்டுப் பெண்களிடம் போனாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. ஆத்தூர்க்காரர்கள் மாலைகளோடு இறங்கினார்கள். பந்தல் கம்பிலிருந்து வயர் தளர்ந்து, நெஞ்சு உயரத்துக்குத் தெருவின் குறுக்கே தொங்கியது. நல்லுசாமி வெளியே போய் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். கடைசி ஆள் போன பிறகும் அவர் கையை இறக்கவில்லை.