அபவுட்டுக்கு வாங்கிய கேக்

இங்கிலாந்தின் அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லின் பொருள்களைப் பழைய மேற்கோள்களோடு கால வரிசைப்படி எழுதி முடித்தவர், மற்ற எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும். முடியாத சொல்லுக்குக் கேக் கிடையாது. தலைமை ஆசிரியர் கிரிஸ்பின் 'மார்மலேட்', 'வால்ரஸ்' போன்ற சொகுசுச் சொற்களைத் தன் செல்லப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஹெஸ்டர் தலையில் 'அபவுட்'டைக் கட்டினார். பழைய ஆங்கிலத்தில் 'வெளிப்பக்கத்தில்' என்று ஒழுங்காகக் கிடந்த சனியன், பிறகு 'சுற்றி', 'பற்றி', 'ஏறக்குறைய' என்று ஊர்மேயப் போய்விட்டது. அதன் பின்னாலேயே ஹெஸ்டர் வருடக்கணக்கில் அலைந்தாள்.

ஒருவழியாக இன்று முடித்து, எலுமிச்சை கேக்கோடு வந்தாள். கிரிஸ்பின் இரண்டு துண்டுகளை விழுங்கிவிட்டு, மூன்றாவதை மென்றுகொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"'பற்றி'ங்கற அர்த்தத்துக்கு நீ போட்டதைவிடப் பழைய மேற்கோள் ஒண்ணு கிடைச்சிருக்கு, ஹெஸ்டர். உன் வரிசையே மாறுது. முதல்லேர்ந்து பாத்துடு."

"எப்பக் கிடைச்சுது?"

"காலைலயே வந்துடுச்சு. கேக் வெட்டற நேரத்துல எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னுதான்..."

ஹெஸ்டர் குப்பைக்கூடையை எடுத்து அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"சொல்லு முடியலல்ல? துப்புங்க."