கூடைக்குப் பூசிய தார்

போதகர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார். தலைப்பு, 'தாய்மை என்பது தியாகம்'. ஆண் குழந்தைகளையெல்லாம் கொல்லச் சொல்லி ராஜா உத்தரவு போட்ட காலத்தில், பெற்ற பிள்ளையை நாணற்கூடையில் வைத்து ஆற்றில் விட்டாளே ஒரு தாய், வேதத்தில் வரும் அவளைப் பற்றி. எழுதும்போதே இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த கையோடு அவர் மனைவிக்கு வலி கண்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடந்தது. தலைப்பிள்ளை வேறு. போதகர் ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஷூவுமாக டாக்ஸியில் ஏறினார். அவசரத்தில் குழந்தைத் துணிப்பையை விட்டுவிட்டுப் பிரசங்கத் தாள் இருந்த பையைத் தூக்கி வந்தது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. மனைவி கோபப்படவில்லை. கண்ணாடிச் சாமான் கம்பெனியில் ஒன்பது வருஷமாக பேக்கிங் பிரிவைக் கட்டி மேய்க்கிறவள். தங்கைக்குப் போன் போட்டுத் துணியைக் கொண்டுவரச் சொன்னாள்.

வலி விட்டுவிட்டு வந்தது. இன்னும் நேரமிருக்கிறது, பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள் என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். பேச்சு என்றால் போதகர் கைவசம் இருந்தது அந்த நான்கு பக்கம்தான். மனைவியும் சரி, படியுங்கள் என்றாள்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வலி வந்து, அவள் பிடித்த பிடியில் அவர் கைக்கடிகாரப் பட்டை அறுந்தது. 'தன் மகனை ஆற்றுக்குப் பலியாகக் கொடுத்தாள்' என்ற இடத்தில் அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"ஏங்க, அந்தக் கூடைக்கு அவ என்ன பூசினா?"

"தாரும் பிசினும்."

"பலி குடுக்கறவ எதுக்குங்க தார் பூசறா?"

போதகர் தாளைப் புரட்டினார்.

"தண்ணி உள்ள போகக்கூடாதுன்னு பூசியிருக்கா. நடு ஆத்துல விடல, கரையோரமா நாணலுக்குள்ள வச்சிருக்கா. பார்த்துக்கடின்னு மூத்த மகளைக் காவலுக்கு நிறுத்தியிருக்கா. ராஜா மக குளிக்க வர்ற இடம்னு தெரிஞ்சுதான் வச்சிருப்பான்னு எனக்குத் தோணுது. அது பத்திரமா போய்ச் சேரணும்னு கட்டின பெட்டிங்க."

அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. பிறகு பேச்சுக்கே நேரமில்லை. ஆறேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிஸ்டர் வந்து சொன்னபோது போதகர் வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதார்.

ஞாயிறு காலை தாள் இல்லாமல் மேடையேறினார். மனைவி சொன்னதை அப்படியே சொன்னார். கடைசியில், பிள்ளையைக் கண்டெடுத்த ராஜா மகளிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு தன் பிள்ளைக்கே பாலூட்டினாள் அந்தக் கெட்டிக்காரி என்றதும் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. பத்து வருஷமாக அந்தக் கதையைச் சொல்லி வருகிறார், ஒருவரும் சிரித்ததில்லை. எல்லாம் சரி, தியாகத்தைக் காணோமே என்று சபை மூப்பர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு தையற்கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். புருஷனின் அடிக்குப் பயந்து, பல வருஷத்துக்கு முன்னால் இரண்டு வயது மகனை அண்ணன் வீட்டில் வளர விட்டவள்.

"சில பேரு என்னைத் தியாகின்னாங்க, சில பேரு கல்நெஞ்சுக்காரின்னாங்க. ரெண்டுமே எனக்குப் பொருந்தல ஐயா. அவன் அடி வாங்காம வளரணும், அவ்வளவுதான் யோசிச்சேன். இன்னிக்குத்தான் ஒருத்தர் அதைச் சரியா சொல்லிக் கேக்கறேன்."

"சொன்னது நான் இல்லம்மா. ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. வாங்க, போய்ப் பார்க்கலாம்."

இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனார்கள். பெண்கள் பேசட்டும் என்று போதகர் குழந்தையை வாங்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். கழுத்தைத் தாங்கிப் பிடிக்க சிஸ்டர் இரண்டு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், தையற்கடை அம்மா ஜன்னலோரம் நின்று போனில் மகனிடம், அவனை அங்கே விட்ட கதையை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி உதட்டில் விரலை வைத்தாள். போதகர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, மகளோடு இன்னொரு நடை நடக்கக் கிளம்பினார்.