அழிக்காத விரல்

அருங்காட்சியகத்தின் பின்னறையில் பழைய பானைச் சில்லுகளை ஒட்டுகிறவள் என்பதால் அவளுக்கு ஒட்டுக்காரி என்று பெயர். எதையும் ஒட்டிவிடுவாள், தங்கையோடு மட்டும் ஒட்டமாட்டாள். அந்தத் தங்கை வெளியூரில் பிழைப்பு தேடி அலைந்த காலமெல்லாம், அவள் மகள் வாலுவை இடுப்பில் வைத்து வளர்த்தவள் ஒட்டுக்காரிதான். கால் ஊன்றியதும் தங்கை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெற்றவள் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லமுடியும்? இப்போது இருவரும் கடல் தாண்டிப் போகிறார்கள். போகிற வழியில் வாலு எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

மேஜைமேல் மூவாயிரம் வருடத்துப் பானை. ஒரே ஒரு ஓட்டை அடைக்க வேண்டியிருந்தது. அதை ஒட்டி உள்பக்கத்தில் சின்னக் குழி; ஈர மண்ணில் ஏதோ குழந்தை விரலை அழுத்தியிருக்கிறது. வனைந்தவள் பார்க்காமலா இருந்திருப்பாள்? ஒருமுறை தடவியிருந்தால் போயிருக்கும். தடவாமலே சூளையில் வைத்துவிட்டாள்.

அதைக் கண்டதிலிருந்து ஒட்டுக்காரிக்கு மனசு ஆறவில்லை. நாலு வயதில் வாலுவும் இதே மேஜையில், ஈரப் பிளாஸ்டரில் விரலை வைத்தாள். ஒட்டுக்காரி வாய்க்கு வந்தபடி திட்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தடயமே இல்லாமல் ஆக்கினாள். அந்த விரலுக்கு இனி எங்கே போவது?

வாலு வந்தாள். பெரியம்மாவைவிட ஒரு பிடி உயரம். கையைக் கழுவிவிட்டு அந்தக் குழியில் விரலை வைத்தாள். நுழையவில்லை.

"அப்போ வச்சிருந்தா சரியா இருந்திருக்கும் பெரியம்மா."

ஒட்டுக்காரி பிளாஸ்டரைக் குழைத்து ஓட்டையை அடைத்தாள். "உள்பக்கமா அழுத்து."

"அன்னைக்கு அந்தத் திட்டு திட்டினீங்க?"

"இந்தப் பானை செஞ்ச பொம்பள திட்டலையே. அழுத்துடி."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. வாலு அழுத்திவிட்டு, அதே ஈரக் கையால் பெரியம்மாவின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பிளாஸ்டர் இறுகியது. பழக்கதோஷத்தில் ஒட்டுக்காரியின் கை உப்புத்தாளை எடுத்தது. நாம் அடைத்ததைப் பின்னால் வருகிறவர்கள் எடுத்துவிட்டு இன்னும் நன்றாகச் செய்யலாம், அதுதான் அவள் தொழிலின் சட்டம். என்றைக்கோ ஒருத்தி வந்து சுரண்டத்தான் போகிறாள். அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தால் யோசிப்பாள்.

உப்புத்தாளை டிராயரில் போட்டு மூடினாள். கன்னத்தில் காய்ந்திருந்ததையும் துடைக்கவில்லை.