பத்தொன்பதாவது துண்டு

மாலை வகுப்பு நடக்கும் அறை பகலில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுடையது. ஆகவே பத்தொன்பது பெரியவர்களும் முழங்கால் நெஞ்சில் இடிக்கக் குட்டி நாற்காலிகளில்தான் உட்கார வேண்டும். லாரி ஓட்டும் அண்ணன் மட்டும், ஒரு நாற்காலியை உடைத்த நாளிலிருந்து, சுவரோரப் பெஞ்சுக்கு மாற்றப்பட்டிருந்தார். பகலெல்லாம் உழைத்துக் களைத்து, ஆறரை மணிக்கு இப்படி மடங்கி உட்காருகிறவர்களுக்குக் கண் சொக்காமல் அறிவியல் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. இருபத்தாறு வயது டீச்சருக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. அதனால் அவள் இணையத்தில் இறங்கினாள்.

ஆசிரியர்களுக்கு இலவசம் என்று சொல்லிக்கொள்ளும் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் குறித்தாள். ஒரு வினாடி வினாத் தளம் பதினைந்து பேரை உள்ளே விட்டுவிட்டு மீதி நான்கு பேரின் முகத்தில் கதவைச் சாத்தியது. உடல் உறுப்புகளைத் திருப்பித் திருப்பிக் காட்டும் இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது; ஆனால் கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் நடுவே தொப்பை குறைக்கும் பெல்ட் விளம்பரம் வந்து நின்றது.

"டீச்சர், மூடிடாதீங்க, விலையைப் பார்த்துக்கறேன்" என்றார் லாரி அண்ணன்.

வடிகட்டிப் பார்த்ததில் நோட்டில் டிக் வாங்கியவை இரண்டே இரண்டு. ஒன்று, நேரம் முடிந்ததும் சேவல் மாதிரி கூவும் கடிகாரம். மற்றது, பெயர்ச் சக்கரம். பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் அது வண்ண வண்ணத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். அழுத்தினால் கடகடவென்று சுற்றி, யார் பெயரில் நிற்கிறதோ அவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததால், டீச்சர் எல்லாருக்கும் அவரவர் வேலையையே எழுதினாள். லாரி, லிஃப்ட், சலவை, கேக் என்று போயிற்று பட்டியல். சக்கரம் வந்த பிறகு யாரும் தூங்கவில்லை.

ஆனால் முதல் வாரமே அது 'கேக்'கில் போய் நின்றது. பேக்கரியில் கேக் வெட்டும் அக்கா எழுந்தார். நாற்பதைத் தாண்டியவர், திக்குவாய். முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைக்க ஒரு நிமிடம் போராடிவிட்டு, சொல்லாமலே உட்கார்ந்தார். அடுத்த இரண்டு வகுப்புக்கு ஆளைக் காணோம். மூன்றாவது வகுப்புக்கு அவர் வந்து சேர்ந்தபோது, பட்டியலில் 'கேக்' இல்லை. டீச்சர் அழித்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நான்கு மாதம் ஓடியது. வகுப்புக்கு ஐந்து பேரைக் கூப்பிடத்தான் நேரம் இருக்கும் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. புரொஜெக்டரும் ஒத்துழைத்தது. சுவரில் விழும் படம் பனிமூட்டத்தில் எடுத்ததுபோல் இருக்கும். டீச்சர் வாசித்துச் சொன்னால்தான் பெயர் தெரியும்.

இப்போது தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தது. எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. தேர்வாளர்கள் இரண்டு பேர் முன்னால் நின்று ஒரு பாடத்தை மூன்று நிமிடத்தில் விளக்க வேண்டும். பேச்சில் சிரமம் உள்ளவர்களுக்கு ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டு கட்டம்: விலக்கு, கூடுதல் நேரம். டீச்சர் கேக் அக்காவுக்காக விலக்கில் டிக் போட்டு, மீதியையும் தன் குண்டுக் கையெழுத்தில் நிரப்பி வைத்திருந்தாள். விலக்கு வாங்கினால் சான்றிதழில் அதை ஒரு வரியாக அச்சடித்துவிடுவார்கள். பேக்கரியின் புதுக் கிளைக்கு மேற்பார்வையாளராகப் போக அக்கா நம்பியிருந்தது அந்தச் சான்றிதழைத்தான். அந்த ஒரு வரியைப் பார்த்து முதலாளி என்ன சொல்வாரோ, தெரியாது. செய்தது சரியா என்று டீச்சருக்கே உறுதியில்லை. படிவத்தை மூன்று வகுப்பாகப் பையில் வைத்துக்கொண்டு, கேட்காமலே திரும்பியிருந்தாள். நாளைக் காலை பத்து மணிதான் கடைசி.

அன்று பார்த்து லிஃப்ட் மெக்கானிக் புரொஜெக்டரை முறைத்துப் பார்த்தார்.

"இதுக்குப் பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். குளிக்காம இருக்கு, அவ்வளவுதான்."

கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, ஒரு வளையத்தை அரைத் திருப்பு திருப்பினார். சுவரில் சக்கரம் பளிச்சென்று விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டவில்லை.

கேக் அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த சலவைக்கார அக்காவின் காதில் ஏதோ சொன்னார். சலவை அக்காவுக்குக் கிசுகிசுப்பது என்றால் என்னவென்றே தெரியாது.

"டீச்சர், சக்கரத்துல ஒரு துண்டு குறையுதாம்."

"எண்ணிப் பார்த்தாங்களா?" என்றாள் டீச்சர்.

சலவை அக்கா மறுபடி காதைக் கொடுத்து வாங்கினார். "எண்ண வேண்டாமாம். பதினெட்டா வெட்டினா ஒவ்வொரு கோடும் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நேரா போயிடுமாம். பத்தொன்பதா வெட்டினா எந்தக் கோடும் எதிர்க் கோட்டோட சேராதாம். இதுல எல்லாம் நேரா போகுதாம். தினமும் வெட்டற கை இல்லையா?"

"அப்ப யாரு காணாமப் போனது?" என்று லிஃப்ட் எழுந்துபோய், சுவரில் விரல் வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பதினெட்டு வாசித்து முடித்ததும் திரும்பினார். "கேக் இல்ல."

டீச்சர் மென்று விழுங்கினாள். "இலவச சைட்தானே. சில சமயம் ஒரு பேரை விழுங்கிடும்."

"ஓசியில வந்தது ஓசி மாதிரிதான் இருக்கும்" என்று லாரி அண்ணன் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கேக் அக்கா மட்டும் டீச்சரையே பார்த்தார்.

இடைவேளையில் டீச்சர் தாழ்வாரக் குழாயடியில் மார்க்கர் மை பட்ட விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளுக்கு வைத்த குழாய். இடுப்பை வளைத்தால்தான் எட்டும். நிமிர்ந்தபோது கேக் அக்கா நின்றார்.

"எடுத்தது நீ... நீங்கதானே?"

பூசி மெழுக இன்னொரு பொய் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. "ஆமாக்கா."

"எப்பலேர்ந்து?"

"நீங்க ரெண்டு நாள் வராம இருந்தீங்களே, அப்பலேர்ந்து. திரும்பவும் வராமப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

கேக் அக்கா குழாயை நன்றாக மூடினார். பிறகு பேசத் தொடங்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாசலில் ஒரு தள்ளுமுள்ளு நடந்தது, டீச்சர் காத்திருந்தாள். பேச்சின் சாரம் இதுதான்: அந்த ரெண்டு நாள் வராதது வெட்கத்தால் இல்லை, பேக்கரியில் பெரிய ஆர்டர். நாலு மாதமாக ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயார் செய்துகொண்டுதான் வகுப்புக்கு வருகிறார். அடுப்பு சூடாகிற நேரத்தில் தட்டுகளைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறார். சக்கரம் சுற்றும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். தன் பெயரில் நிற்காமல் போனால் அந்த நேரத்துக்கு ஒரு நிம்மதி, பஸ் ஏறியதும் எரிச்சல்.

"எ... எனக்கு அதிர்ஷ்டம்னு நினைச்சேன் டீச்சர். பார்த்தா உங்க இ... இரக்கம்."

இதற்கு மேல் மறைக்க டீச்சரிடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பையைத் திறந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை வரி வரியாகப் படித்தார். விலக்கு என்ற கட்டத்தில் விரல் நின்றது.

"எ... என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி போல."

டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. "போடணும்னு இல்லக்கா. வேணாம்னா கிழிச்சுடலாம்."

"மு... முதல்ல என் பேரைப் போடுங்க. அப்புறம் பார்ப்போம்."

உள்ளே போனதும் டீச்சர் மேசைமுன் நின்றாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்து, மூன்றும் பிடிக்காமல், நாலாவதாக வந்ததைச் சொன்னாள். "சைட் மேல தப்பில்ல. அக்கா பேரை நான்தான் எடுத்தேன். அவங்களைக் கேட்காம எடுத்தேன். இப்பப் போடறேன்."

"அடடா, பாவம் அந்த சைட்டைப் போய்த் திட்டிட்டேனே" என்றார் லாரி அண்ணன்.

"என் பேரை எடுத்துடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்?" என்றார் லிஃப்ட். "அதைக் காதுலயே வாங்கல."

டீச்சர் எழுதினாள். துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இடம் விட்டன. அழுத்தினாள். சக்கரம் சுற்றித் தளர்ந்து, சலவையில் போய் நின்றது.

"எனக்கு இன்னைக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சலவை அக்கா, நிதானமாக.

சிரிப்பு அடங்குவதற்குள் கேக் அக்கா எழுந்துவிட்டார். "நா... நானே."

இதயப் பாடத்தை எடுத்துக்கொண்டார். வ என்ற எழுத்திலேயே வலது மேலறை அடைபட்டது. டீச்சர் பழக்க தோஷத்தில் சேவல் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தாள். வாய் நுனிவரை வந்த அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் மெள்ள மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கியது. நுரையீரலுக்குக் கிளம்புகிற நேரத்தில் மூன்று நிமிடம் முடிந்து சேவல் கூவியது.

அக்கா நிறுத்தினார்.

"அதோட கழுத்தைத் திருகுங்க டீச்சர்" என்றார் லாரி அண்ணன். டீச்சர் சத்தத்தை அணைத்தாள். ரத்தம் நுரையீரலுக்குப் போய், இடது பக்கம் திரும்பிவந்து, பெரிய குழாய் வழியாக உடம்புக்குள் போயிற்று. வால்வுகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். உட்கார்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

"நான் ரொட்டி எப்படி உப்புதுன்னு சொல்லப்போறீங்கன்னு நினைச்சேன்" என்றார் லிஃப்ட்.

"அ... அதைத் தெரிஞ்சுக்க இங்க எதுக்கு வரணும்?"

"சரி, அப்ப இதைச் சொல்லுங்க. இடது கீழறைச் சுவர் மட்டும் எதுக்கு அவ்வளவு தடிமன்?"

அக்கா மறுபடி எழுந்து பதிலைத் தொடங்கினார். நடுவிலேயே வகுப்பு முடியும் எட்டரை மணி ஆயிற்று. லாரி அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து, "கோவிச்சுக்காதீங்கம்மா, எனக்கு லோடு ஏத்தணும், மிச்சத்தை வியாழக்கிழமை கேட்டுக்கறேன்" என்று கிளம்பினார். இன்னும் மூன்று பேர் பின்னாலேயே போனார்கள். அக்கா அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அறை காலியானதும் இரண்டு பேரும் குட்டி மேசையின் இரு பக்கமும் மடங்கி உட்கார்ந்தார்கள். டீச்சர் பழைய படிவத்தை நாலாகக் கிழித்தாள். பையில் இன்னொரு வெற்றுப் படிவம் இருந்தது. எதையும் இரண்டாக எடுத்து வைப்பது அவள் வழக்கம். கூடுதல் நேரம் என்ற கட்டத்தில் அக்காவே டிக் போட்டார். அதன் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் வேண்டும் என்று ஒரு கோடு இருந்தது. டீச்சரின் பேனா பத்து எழுதப் போய், நடுவழியில் நின்றது.

"எத்தனைன்னு எழுதட்டும்க்கா?"

கேக் அக்கா கண்ணை இடுக்கி அளவு பார்த்தார்.

"எ... எட்டு போதும். பத்துன்னு போட்டா, மிச்சம் இருக்கற நேரத்துல அவங்க கேள்வி வேற கேட்பாங்க."