அண்ணன் சாப்பிட வரும் காட்சி

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜின் மொட்டைமாடியில் மாணவர்கள் திரைப்பட வட்டம் ஒன்று நடத்தினார்கள். அதற்குச் செயலாளர் ஆகிவிட வேண்டும் என்று ஹரிஷுக்கு நெடுநாள் ஆசை. ப்ரொஜெக்டர் செயலாளரின் அறையில்தான் இருக்கும். எந்தப் படம் போடுவது என்று அவன்தான் சொல்வான். ஜூனியர்கள் அண்ணே என்று குழைந்துகொண்டு நிற்பார்கள்.

2008இல் பழைய செயலாளர் மணவாளன் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பினார். அந்த இடத்துக்கு ஹரிஷும் நின்றான், கடலூர் பக்கத்துக் குடிகாட்டிலிருந்து வந்து படிக்கும் அன்புமணியும் நின்றான்.

"நீலத்தழல் இங்கிலீஷ் படம், ரெண்டாம் பாகம் வந்திருக்கு. ரெண்டு பேரும் பாத்துட்டு வந்து பேசுங்க. யாரு பேச்சு நல்லாருக்கோ அவனுக்குக் கை தூக்கிட்டுப் போறோம்" என்றார் மணவாளன்.

உள்ளங்கையில் நீல நெருப்பு எரியும் அந்த நாயகன் என்றால் அன்புமணிக்கு உயிர். முதல் பாகத்தைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் மெஸ் மூடும் நேரத்தைக்கூட ஆட்கள் மறந்துவிடுவார்கள்.

ஹரிஷ் புதுச்சேரிக்குப் போய்ப் படம் பார்த்தான். சுமார்தான். அன்புமணி ஊருக்குப் போன கையோடு கடலூரில் பகல்காட்சி பார்த்துவிட்டு வந்தான். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"மச்சான், என்னா படம்டா! அண்ணங்காரன் தீயில மாட்டி கருகிப்போறான். இன்டர்வெல் உடறான். திரும்பி வந்து உக்காந்தா, அந்த அண்ணன் தம்பி பக்கத்துல உக்காந்து சாப்புட்டுக்கினு இருக்கான்! ஒரு வார்த்தை பேசல. சாப்புட்டு எழுந்து போறான்."

ஹரிஷ் சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான்.

சாப்பாட்டுக் காட்சி முதலில் வரவேண்டியது. அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை, அதனால் பேசாமல் சாப்பிடுகிறார்கள். தீயும் சாவும் அதற்குப் பிறகு. கடலூரில் ஆபரேட்டர் படச்சுருளை மாற்றி மாட்டியிருக்கிறான். தமிழ்ப் படமாக இருந்தால் விசிலடித்தே அவனைக் கீழே இறக்கியிருப்பார்கள். இங்கிலீஷ் படம், வெயில் நேரம், ஃபேனுக்கு வந்து தூங்குகிற கூட்டம். யார் கேட்பது?

"செத்தவன் எப்பிடி வந்தான்னு ஒனக்குப் புரிஞ்சிதா?" என்று கேட்டான் ஹரிஷ்.

"அவன் எங்க வந்தான்? தம்பி மனசுல வரான். அதான் பேசல. நீயும் பாத்தியே, ஒனக்கு அப்பிடித் தோணலியா?"

"தோணிச்சி. எனக்கு ஒன்ன மாதிரி சொல்ல வராது. இதையே பேசு மச்சான். வேற எதையும் பேசாத."

அன்புமணியின் அண்ணன் சேரன், கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது லாரியில் அடிபட்டுச் செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எடுப்புக்கு ஹரிஷ் போயிருந்தான். அன்புமணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுடுகாடுவரை நடந்தான். அது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. வந்துவிட்டுப் போயிற்று.

சிதம்பரத்துக்குப் படம் இன்னும் வரவில்லை. மாடியில் கூடியவர்களில் வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. அன்புமணி சண்டைக் காட்சிகளைத் தொடவே இல்லை. சாப்பாட்டுக் காட்சியை மட்டும் பேசினான்.

"எங்கம்மா இன்னும் எங்கண்ணனுக்கும் சேத்துத்தான் தட்டு வெக்கிது. அது பக்கத்துல உக்காந்துதான் நான் சாப்புடறன். இத யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தப் படம் எடுத்தவனுக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கு."

மணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது கை தூக்கச் சொன்னால் எல்லாம் போயிற்று. ஹரிஷ் எழுந்தான்.

"மணவாளண்ணே, ஒரு சின்ன விஷயம். படத்துல அப்பிடிக் கெடையாது. அண்ணன் சாப்புடறது மொதல்ல, சாவறது அப்பறம். கடலூர்ல ரீல மாத்தி ஓட்டியிருக்கான்."

பின்வரிசையில் ஒருவன், "ஆபரேட்டருக்கு அவார்டு குடுங்கடா!" என்று கத்தினான். மாடியே சிரித்தது. அடக்கிப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். மணவாளன் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

அன்புமணி ஹரிஷைப் பார்த்தான். "நீ..." என்று ஆரம்பித்தான். விட்டுவிட்டான். பிறகு வேறு ஒன்று கேட்டான்.

"அப்ப தீக்கு அப்பறம் அவன் வரவே மாட்டானா?"

"செத்தவன் எப்பிடிடா வருவான்?" என்றான் ஹரிஷ்.

மறுபடியும் சிரிப்பு. அன்புமணியும் கூடவே சிரிக்கப் பார்த்தான்.

அதன்பின் ஹரிஷ் பேசினான். சண்டை பிரமாதம், வில்லன் சரியில்லை, முதல் பாகம் அளவுக்கு வராது என்றான். சொதப்பவில்லை, அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

"ஹரிஷுக்கு யாரு?" என்றார் மணவாளன்.

கைகள் உயர்ந்தன. கடைசியில், தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்திருந்த அன்புமணியும் தூக்கினான். கை காதுக்குமேல் எழவில்லை.

"நல்லாத் தூக்குடா மச்சான்" என்றான் ஹரிஷ். "இங்கேருந்து தெரியல."

அன்புமணி நன்றாகத் தூக்கினான்.