மரநாயும் ஹஸ்ஸானின் கேமராவும்

1
கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு மரநாய், கூண்டின் கம்பி வலைக்குள் கையை விட்டுக் கோழியை இழுத்ததாகக் கேள்விப்பட்டேன். கதைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘ஊர் உறங்கிய பின் இரண்டு கண்கள் மட்டும்...’ வேண்டாம். மரநாய்க்கு அத்தனை பில்டப் தேவையில்லை.

2
நுஸைபாவின் கணவன் ஹஸ்ஸான் குவைத்தில் இருக்கிறான். போன லீவில் வந்தபோது, திருட்டு பயம் என்று கொல்லையில் கேமரா மாட்டிவிட்டுப் போனான். அதிலிருந்து அவள் பக்கத்து வீட்டு அம்சத்தோடு கொஞ்சம் பேசி நின்றால் உடனே போன் வரும். “அப்படி என்ன பேச்சு?”

(இங்கே ஹஸ்ஸானைக் கெட்டவனாக்கக் கை துறுதுறுத்தது. அவன் வேலை முடிந்து வந்து, வீட்டு ஞாபகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டையும் விட்டுவைக்கிறேன்.)

3
முதல் கோழி போன மறுநாள், நுஸைபா ஏணியில் ஏறிக் கேமராவைக் கூண்டுப் பக்கம் திருப்பினாள்.

“கோழியைப் பாத்துக்குங்க. மரநாய் வந்தா போன் போடுங்க, நான் எழுந்து விரட்டுறேன்.”

ஹஸ்ஸானுக்கு ஒரே குஷி. குவைத்தில் அவனோடு அறையில் இருந்தவர்களும் முறைபோட்டுக் காவல் பார்த்தார்கள். இங்கே நுஸைபா கொல்லையில் தலையை விரித்துக் காயவைத்தாள். அம்சத்தோடு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

4
ஆனால் போன் அடித்து அவள் வருவதற்குள் இன்னொரு கோழியும் போயிற்று. மிச்சம் இருப்பது முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் அடைக்கோழிதான்.*

அம்சம் ஒரு வலைச்சுருளோடு வந்தாள். “பொடி ஓட்டை வலை, நுஸைபா. சுத்தி அடிச்சுடு. அதோட கை உள்ள போவாது.”

ஹஸ்ஸானும் போனில் சொல்லிவிட்டான். “வலை அடிச்சதும் கேமராவைப் பழையபடி திருப்பிடு, புள்ள.”

* வீட்டுக்குள் எடுத்து வைக்கலாமே என்பீர்கள். இடம் மாற்றினால் அடையை விட்டு எழுந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

5
முடிவு ஒன்று: வலையை அடிக்கிறாள். குஞ்சுகள் பொரிகின்றன. கேமரா திரும்புகிறது. அம்சம் வருவது குறைகிறது.

முடிவு இரண்டு: அடிக்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் கூண்டில்...

(எழுத வரவில்லை. அந்தக் கோழி எனக்குப் பிடித்துப்போய்விட்டது.)

முடிவு மூன்று: கேமராவே வேண்டாம் என்று அவனிடம் சொல்கிறாள். எழுதி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் குரலில்தான் பேசினாள். கிழித்துவிட்டேன்.

6
பொழுது சாய்கிறது. சுத்தியலைக் கையில் பிடித்தபடி நுஸைபா போனை எடுக்கிறாள்.

“அடிச்சாச்சா?” என்கிறான் ஹஸ்ஸான்.

அவள் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருட்டுவதற்குள் சொல்லுங்கள்.