பிரார்த்தனைக்குத் திருகிய குமிழ்

இன்ஜினியர் டெல்மா ஹிவூ, ஆஸ்பத்திரி ரேடியோவின் மூடியைக் கழற்றும்போது இரண்டு பேர் அவள் தலைக்கு மேல் நின்றார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி நிர்வாகி பாசா. இன்னொருவர் ரேடியோ ஆபரேட்டர் எஸ்மண்ட், அவளுடைய தாய்மாமா, சபையின் மூப்பர். ரேடியோவில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்பதுதான் இருவருக்கும் ஆசை.

குறை இல்லையென்றால் லோகுவா தீவு நர்ஸ் நெஸ்டா பொய்க்காரி. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டதாக அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் நிற்கவில்லை, படகு அனுப்புங்கள் என்று. ஆஸ்பத்திரியில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படகு போகவில்லை. அந்தப் பெண் நண்பகலில் செத்துப்போனாள். நெஸ்டாவை வீட்டுக்கு அனுப்பும் கடிதம் தயார். டெல்மாவின் அறிக்கை வந்தால் தேதி போட வேண்டியதுதான் பாக்கி.

டெல்மா ஆண்டெனா கம்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் சோதனைக் கருவியை மாட்டினாள். லோகுவாவின் சோலார் பேட்டரி எவ்வளவு பலம் கொடுக்குமோ, அதே அளவு மெலிந்த சிக்னலை உள்ளே அனுப்பினாள். முதல் கட்டம் அதைத் தூக்கிவிட்டது. அடுத்தது, ரேடியோ தனக்குள் உண்டாக்கும் இன்னொரு அலையோடு கலந்து, கையாளத் தோதாகக் கீழே இறக்கியது. வடிகட்டி பக்கத்து அலைவரிசைகளை வெளியே தள்ளியது. பிறகு அலையிலிருந்து பேச்சு தனியே பிரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மீட்டரின் முனையை வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"அப்போ ரிசீவர் நல்லா இருக்கு," என்றார் பாசா.

"இருங்க சார். ஸ்பீக்கர் பேசலையே."

ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. சிக்னல் மெலிந்து இரைச்சல் அதிகமாக வந்தால் தானே மூடிக்கொள்ளும். எவ்வளவு இரைச்சலைப் பொறுப்பது என்பதை வெளியே இருக்கும் குமிழ் முடிவு செய்யும். குமிழ் கடைசிவரை திருகிக் கிடந்தது; பலத்த சிக்னல் மட்டும்தான் நுழைய முடியும். அதன் முனைக்கு நேரே பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை.

"இது யார் போட்டது மாமா?"

எஸ்மண்ட் கழுத்தைத் தடவினார். "காலைல இங்க ஜெபம் பண்றப்ப இது உஸ்ஸுன்னு எரிச்சல் பண்ணும்மா. அதுவரைக்கும் திருகி வைப்பேன். ஆமென் சொன்னதும் திருப்பிடுவேன்."

"தினமும் திருப்பிடுவீங்களா?"

"மறந்திருப்பேன். மரக்கம்பெனிக்காரன் பேசறது கேட்டுட்டேதானே இருந்துச்சு! அன்னிக்குக்கூட பீர் அனுப்பச் சொல்லிக் கத்திட்டிருந்தான். ரேடியோ ஓடுதுன்னு நெனச்சேன்."

மரக்கம்பெனிக்கு மலைமேல் கோபுரம் இருக்கிறது. அவன் பீர் கேட்டால் வாசல் திறக்கும். லோகுவாக்காரி சாகிறாள் என்ற செய்தி கடலைத் தாண்டி, எல்லாக் கட்டத்தையும் தாண்டி, ஸ்பீக்கருக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. ஆறு தடவை.

"நெஸ்டா அப்புறமும் கூப்பிடலையேன்னு யாருமே யோசிக்கலையா?"

"கோவத்துல இருக்கான்னு விட்டுட்டோம்," என்றார் பாசா. "இங்க பாரு டெல்மா. ரிசீவர்ல பழுதில்லைன்னு மட்டும் எழுது. பொய்யில்லையே."

"பொய்யில்லை சார். அதான் அசிங்கமா இருக்கு."

"பெரிய படிப்பு வந்துருச்சு உனக்கு," என்றார் மாமா. "நம்ம குடும்பத்துல முதல் பட்டம்னு ஊரைக் கூட்டி மீனும் கிழங்கும் போட்டேன். என் பேரை எழுதத்தான் அந்தப் படிப்பா? உங்கம்மா உன்கிட்டப் பேசுவாளா?"

பேசமாட்டாள். அது டெல்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதினாள்: ரிசீவரில் பழுதில்லை. ஆபரேட்டர் எஸ்மண்ட் ஜெபத்துக்காகக் குமிழைத் திருகி, திருப்பாமல் விட்டார். நர்ஸின் அழைப்பு வந்து சேர்ந்தது. நாம்தான் அடைத்து வைத்திருந்தோம். கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். பாசா கடிதத்துக்குத் தேதி போடட்டும், பார்க்கலாம்.

ஆண்டெனாவைத் திரும்ப மாட்டிக் குமிழைத் தளர்த்தினாள். இரைச்சல் அறையை நிறைத்தது. சிறிது நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு குரல், தேய்ந்து, பழக்கத்தில் சொல்வதுபோல்:

"ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, இது லோகுவா. கேக்குதா?"

டெல்மா மைக்கைப் பிடுங்கினாள். "கேக்குது சிஸ்டர். நல்லாவே கேக்குது."

நெஸ்டாவின் குரல் இரைச்சலுக்கு மேலே எழுந்தது.

"எட்டு நாளா தெனமும் கூப்பிடறேன். இப்பத்தான் கேட்டுதா? சரி, எழுதிக்கோ. குளுக்கோஸ் பாட்டில் ரெண்டுதான் இருக்கு. அந்தக் குழந்தைக்குப் பால்மாவு வேணும்."

டெல்மா எழுதினாள். பாசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஆட்கள் ஜெபத்துக்குப் பாட்டுப் புத்தகங்களோடு உள்ளே வந்தார்கள். எஸ்மண்ட் வேதத்தைத் திறந்தபடி, பார்க்காமலே, மற்றக் கையைக் குமிழிடம் நீட்டினார். விரல்கள் வெறும் தண்டில் தடுக்கி நின்றன. அதுவும் வழுக்கியது.

குமிழ் டெல்மாவின் சட்டைப் பையில் இருந்தது.

"குடு," என்றார் பல்லைக் கடித்து.

"சத்தமா ஜெபம் பண்ணுங்க மாமா. லோகுவாக்காரங்களுக்குக் கேக்குதோ இல்லையோ, அவங்க குரல் இங்க கேக்கணும்."